தலைக்கு வைத்த எண்ணெய்

கள்ளிக்குப்பத்தில் அந்த லைன் வீடுகளில் ஒன்பது குடித்தனம். ஒரே ஒரு கக்கூஸ். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நாகப்பன் கையில் வாளியோடு ஏழாவது ஆளாக நின்றிருந்தான். அன்று மத்தியானம் மூன்று மணிக்கு ஆவடியில் அவனுக்குக் குத்துச்சண்டை. எட்டு வருஷமாக எந்தச் சண்டைக்காக உடம்பை வளர்த்தானோ அந்தச் சண்டை. அப்பேர்ப்பட்ட நாளிலும் மனுஷன் முதலில் இந்த வரிசையில்தான் நின்றாகவேண்டும். எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கோடை அது. ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தண்ணீர் லாரி வாரத்துக்கு இரண்டு நாள் வந்தால் அதிசயம். குடிக்கவே இல்லாத தண்ணீரைக் கக்கூசில் யார் ஊற்றப்போகிறார்கள்? முன்னால் போனவன் ஊற்றவில்லை, அவனுக்கு முன்னால் போனவனும் ஊற்றவில்லை. நாகப்பன் கதவைத் திறந்தான். ஈக்கள் எழும்பின. அவன் உடனே கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து காறித் துப்பினான்.

"கலீஜு," என்றான்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் பேரே அந்தப் பகுதியில் கலீஜு நாகப்பன்தான். டீக்கடைத் தம்ளரை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான், கலீஜு. பஸ்ஸில் மேலே தொங்கும் கம்பியைத் தொட மாட்டான், கலீஜு. எந்த வீட்டில் நேற்றைய குழம்பு ஊசிப்போயிருக்கிறது என்று வாசலில் நடந்துபோகும்போதே சொல்லிவிடுவான். அப்படி ஒரு மூக்கு அவனுக்கு. அதை வைத்துக்கொண்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு முலாம் பூசும் பட்டறையில் டெம்பரவரியாக எட்டு வருஷம் தள்ளிவிட்டான். ஆசிட் தொட்டியின் ஆவி தொண்டையில் ஏறி, சாப்பிடும் சோற்றிலும் அதே ருசி. தினமும் மூன்று முறை குளித்துக்கொண்டிருந்தவனை இந்தக் கோடை ஒரு சொம்புத் தண்ணீரில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. தன் அக்குளையே தன்னால் சகிக்க முடியாமல் அவன் கையை அகட்டி வைத்துத் தூங்கினான்.

இப்படிப்பட்டவனைப் போய் ஆண்டவன் குத்துச்சண்டைக்காரனாகப் படைத்தான். அதிலும் ஐந்தடி இரண்டங்குல உயரத்தில், கட்டைக் கையோடு படைத்தான். நெட்டையாக இருப்பவன் தூர நின்று கையை நீட்டி நீட்டிக் குத்திவிட்டுச் சுத்தமாக வீட்டுக்குப் போகலாம். கட்டைக் கைக்காரனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எதிராளியின் கைக்குள்ளே புகுந்து, அவன் நெஞ்சில் நெற்றியை முட்டிக்கொண்டு, அவன் அக்குளுக்குக் கீழே மூக்கை வைத்துக்கொண்டு, விலாவிலும் வயிற்றிலும் சின்னச் சின்னக் குத்தாகக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். அந்த நெருக்கத்தில் இல்லாத நாற்றம் இல்லை. ஒருத்தன் பூண்டு தின்றுவிட்டு வருவான், ஒருத்தன் முதல்நாள் குடித்தது வேர்வையில் வரும், ஒருத்தன் எச்சில் கழுத்தில் வழியும். அவன் பழகும் கிளப்பில் கையுறை மூன்றே ஜோடி. முப்பது பேர் கை நுழைத்து, முப்பது பேர் வேர்வை குடித்து, உள்ளே பஞ்சு அழுகிப்போயிருக்கும். அதற்குள் கையை விடும்போதெல்லாம் நாகப்பனுக்கு வயிற்றைப் புரட்டும். ஆனாலும் விடுவான். உள்ளே போய்விட்டால் அவனைப்போலச் சண்டை போட அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

உள்ளே போக அவனுக்கு வழி கண்டுபிடித்துக் கொடுத்தவன் ஷவுகத் அலி. குமணன்சாவடியில் மெத்தை தைக்கிறவன், நாகப்பன் வயசுதான். ஒட்டடைக்கம்பு போல உடம்பு, முழங்கால்வரை நீளும் கை. இரண்டுபேருக்கும் ஒரே எடை, ஐம்பத்தேழு கிலோ. அம்பத்தூரில் அரிசி மில்லுக்குப் பின்னால் இருந்த கிளப் கொட்டகையில் ஐந்து வருஷமாக இரண்டுபேரும் ஒருத்தன்மேல் ஒருத்தன் குத்திப் பழகினார்கள். ஆரம்பத்தில் நாகப்பன் நேராக ஓடிவருவான், ஷவுகத்தின் இடதுகை நேராக மூக்கில் இறங்கும். ரத்தத்தை வழித்துக்கொண்டு நிற்பவனைப் பார்த்து ஷவுகத்துக்கே பொறுக்கவில்லை.

"கை வரும்போது நொழையாத மச்சான்," என்றான் ஒருநாள். "வந்துட்டு திரும்பிப் போவுது பாரு, அத்தப் புட்சிகினே உள்ள வா. ஊட்டுக்காரன் பின்னாலயே ஊட்டுக்குள்ள போற மாரி. கதவ சாத்தறதுக்குள்ள நீ உள்ள கீற."

அதுதான் சூட்சுமம். ஷவுகத் கை நீட்டும்போது நாகப்பன் தலையை அந்தக் கைக்கு வெளிப்பக்கமாகச் சாய்ப்பான். குத்து காதோரம் காற்றாகப் போகும். அது பின்வாங்கும்போது இடது காலை ஷவுகத்தின் காலுக்குப் பக்கத்தில் ஊன்றுவான். நெற்றி ஷவுகத்தின் காறை எலும்புக்குக் கீழே போய் உட்காரும். இரண்டு முழங்கையும் எதிராளியின் முழங்கைக்கு உட்புறம். அதற்குமேல் நீளக் கையால் ஒன்றும் செய்ய முடியாது, அது வெளியே மாட்டிக்கொண்டு தவிக்கும். கட்டிப்பிடித்தால் நடுவர் பிரித்துவிடுவார், அதனால் கட்டக்கூடாது, ஒட்டிக்கொள்ள வேண்டும். இதற்கு அவர்களாகவே ஒரு பயிற்சி வைத்திருந்தார்கள். இரண்டு நெஞ்சுக்கும் நடுவில் ஒரு துண்டை வைத்து, இரண்டுபேரும் கண்ணை மூடிக்கொண்டு குத்தவேண்டும். துண்டு கீழே விழக்கூடாது. உள்ளே கண்ணுக்கு வேலையில்லை என்பது நாகப்பனுக்கு அதில்தான் புரிந்தது. எதிராளியின் மூச்சு நின்றால் குத்து வரப்போகிறது. தோள் இறங்கினால் இடுப்புக்கு வருகிறது.

சொல்லிக்கொள்ளாத இன்னொன்றும் உண்டு. உலகத்தில் நாகப்பனுக்குக் குமட்டாத ஒரே உடம்பு ஷவுகத்தின் உடம்பு. அவன் தொழுகைக்கு முன்னால் கைகால் முகம் கழுவுகிறவன். வேர்வை வடிந்தாலும் அவனிடம் புதுப் பஞ்சின் வாசனைதான் வரும். அந்தப் பஞ்சுதான் அவன் நெஞ்சையும் அரித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது ரவுண்டில் ஒரு வறட்டு இருமல் எட்டிப்பார்க்கும். டாக்டர் பஞ்சுத் தூசியை விடச் சொல்லியிருந்தார். விட்டுவிட்டு எதைத் தின்பது?

ஆவடியில் ஒரு பெரிய தொழிற்சாலை விளையாட்டுக்காரர்களுக்கு வேலை கொடுக்கிறது என்றும், ஐம்பத்தேழு கிலோவில் ஒரே ஒரு இடம் என்றும் செய்தி வந்தபோது இரண்டுபேரும் பேர் கொடுத்தார்கள். வேலை என்றால் நிரந்தர வேலை, கூடவே குவார்ட்டர்ஸ். நாகப்பன் ஒருநாள் சைக்கிளில் போய் அந்தக் குவார்ட்டர்ஸை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்தான். வீட்டுக்கு வீடு தனி பாத்ரூம், தனிக் கக்கூஸ், திறந்தால் தண்ணீர் வரும் குழாய். அன்று ராத்திரி மனைவி பஞ்சவர்ணத்திடம் அந்தக் குழாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். அவள் கேட்டுக்கொண்டே குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரைச் சாய்த்துப் பார்த்தாள்.

வந்த பதினாறு பேரில் பதினாலு பேர் தேர்வுச் சண்டைகளில் கழிந்துபோனார்கள். கடைசிச் சண்டை இவனுக்கும் அவனுக்கும் என்று ஆனது. அதற்கு முந்தின நாள் ஷவுகத் வந்து வாசலில் சைக்கிளை நிறுத்தினான்.

"எனக்குக் காத்து வோணும், உனக்குத் தண்ணி வோணும்," என்றான். "யாருக்குக் கெடைக்குதோ கெடைக்கட்டும். ஆனா என்னப் பாத்து கைய மெத்துவா வுட்டின்னு வையி, அப்பறம் உன் மூஞ்சில முழிக்கமாட்டேன்."

"நீயும்தான்," என்றான் நாகப்பன்.

ஆவடி மண்டபத்தில் அன்று கத்திரி வெயில் தகரக் கூரையைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. உள்ளே முன்னூறு பேர் வேர்வை, பீடி, எவனோ எடுத்திருந்த வாந்தி, எல்லாவற்றுக்கும் மேலே நீலகிரித் தைலம். சண்டைக்காரர்கள் எல்லாரும் கெண்டைக்காலிலும் தோளிலும் அதைத்தான் பூசி உருவிக்கொண்டிருந்தார்கள். எச்சில் துப்புகிற வாளி ஒரு மூலையில் நுரைத்துக் கிடந்தது. நாகப்பன் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்து ஆளாக நின்று துண்டும் தண்ணீரும் கொடுக்க வந்திருந்தவன் பஞ்சவர்ணத்தின் தம்பி துலுக்கானம். அவன் ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தான்.

"கத்திரி வெயிலு மாமா. உச்சில வெளக்கெண்ண வெச்சிக்கோ. சூடு ஏறிச்சின்னா ரெண்டாவது ரவுண்டுலயே படுத்துக்குவ."

வெயில் காலத்தில் உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எதிரே இரண்டு பையன்கள் வைத்துக்கொண்டிருந்தார்கள். துலுக்கானம் கை நிறைய ஊற்றி அரக்கித் தேய்த்தான். உச்சி குளுகுளுவென்றது. நாகப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

முதல் ரவுண்டில் அவன் தோற்றான். ஷவுகத் தூரத்தில் நிறுத்தி வைத்து இடதுகையால் அவன் முகத்தைப் பிய்த்துவிட்டான். நாகப்பன் ஐந்து முறை நுழையப் பார்த்து, மூன்று முறை அடி வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். சொல்லிக்கொடுத்தவனுக்குத் தெரியாத கதவா? நாலாவது முறைதான் குத்து திரும்பும்போது பின்னாலேயே நுழைந்து, நெற்றியைக் காறை எலும்புக்குக் கீழே கொண்டுபோய் உட்காரவைத்தான். அப்படி உட்காரும்போது கட்டையனின் உச்சந்தலை நெட்டையனின் முகத்துக்கு நேராகப் போய் நிற்கும். விலாவில் நாலு குத்து விட்டான். ஷவுகத் அவனைத் தள்ளிவிட்டு விலகினான். ஐந்தாவது முறையும் அதே மாதிரி ஒட்டினான். விலகும்போது நாகப்பன் பார்த்தான், ஷவுகத் கண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தான். கையுறையின் பின்பக்கத்தால் ஒரு கண்ணைத் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க இன்னும் சிவந்தது. மணி அடித்தது.

ஸ்டூலில் உட்கார்ந்ததும் நாகப்பன் கேட்டான்.

"இன்னாடா வெச்ச தலைல?"

"வெளக்கெண்ணதான்."

"துலுக்கானம்."

துலுக்கானம் அவன் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் பாட்டிலை அவன் வாயில் சாய்த்தான். "கொஞ்சம் தைலம் கலந்தேன். இன்னா இப்போ? அக்கா அந்தக் கக்கூசுக்குப் போவ முடியாம பொழுது சாயறவரைக்கும் அடக்கிகினு கீது. ரெண்டு தபா ஆஸ்பத்திரிக்கு நான்தான் இட்டுகினு போனேன். உன்னான்ட சொல்லவேணாம்னுச்சு." துண்டை எடுத்து நாகப்பனின் மடியில் போட்டான். "தொடைக்கணும்னா தொடைச்சிக்கோ. நீயே தொடைச்சிக்கோ மாமா. என்ன வுட்டுடு."

துண்டு மடியில் கிடந்தது. ஈரத் துண்டு, சுத்தமான துண்டு, பஞ்சவர்ணம் ராத்திரி சொம்புத் தண்ணீரில் கசக்கிப் போட்டது. கையுறை போட்ட கையாலும் அதை எடுத்துத் தலையில் ஒரு இழுப்பு இழுத்துவிடலாம். முழுக்கப் போகாது என்றாலும் பாதி போகும். எதிர் மூலையில் ஷவுகத்தின் கண்ணை அவன் பக்கத்து ஆள் கழுவிக்கொண்டிருந்தான். நாகப்பன் அதைப் பார்த்தான். குழாயை நினைத்தான். பொழுது சாயக் காத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருக்கும் பஞ்சவர்ணத்தை நினைத்தான். அதுகூடப் பரவாயில்லை. அவன் மனசில் அப்போது எழுந்த இன்னொரு கேள்விதான் அவனை உட்கார்ந்த இடத்தில் குன்றவைத்தது. பக்கத்துத் தெருக் குழம்பு ஊசினது தெரிகிற மூக்கு ஆயிற்றே, உச்சந்தலையில் அரக்கித் தேய்த்த தைலம் அதற்குத் தெரியாமல் போனது எப்படி? மண்டபம் முழுக்கத் தைல வாடை, அதனால் தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டான். சீ என்று இருந்தது.

மணி அடித்தது. அவன் எழுந்தபோது துண்டு தரையில் விழுந்தது. துலுக்கானம் அதைக் குனிந்து எடுத்துக்கொண்டான்.

அதற்குப்பின் நடந்ததைச் சண்டை என்று சொல்ல வாய் கூசுகிறது. ஷவுகத்தின் இடதுகை ஒரு சாண் தள்ளி விழுந்தது. நாகப்பன் ஒவ்வொரு முறையும் சுலபமாக உள்ளே போனான். கதவு திறந்தே கிடந்தது. போய் ஒட்டிக்கொண்டு, குத்துவதற்கு முன்னால் தலையை லேசாக நிமிர்த்துவான். அவன் தலை தானாகவே நிமிர்ந்தது என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். ஈர மயிர் ஷவுகத்தின் கண்ணிலும் மூக்கிலும் இழைந்து போகும். நடுவர் இரண்டுமுறை நிறுத்தி, "தலைய கீழ வெச்சிக்கோ," என்று எச்சரித்தார். நாகப்பன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டிவிட்டு மறுபடி உள்ளே போனான். விலாவில் குத்தினான், ஈரல் பக்கம் குத்தினான், முழங்கைக்கு உட்புறமாக மேலே எடுத்துத் தாடையில் குத்தினான். ஷவுகத்தின் கண்ணீர் அவன் கழுத்தில் சொட்டியது, மூக்குச் சளி தோளில் வழிந்தது. வேறு யாருடையது என்றாலும் அவனுக்குக் குடல் வெளியே வந்திருக்கும். அன்றைக்கு அவனுக்கு அது குமட்டவில்லை. குமட்டியது தன் தலைதான்.

மூன்றாவது ரவுண்டில் வேர்வையோடு சேர்ந்து எண்ணெய் அவன் கண்ணிலேயும் இறங்க ஆரம்பித்தது. மிளகாயை அரைத்து அப்பியதுபோல் எரிந்தது. கண்ணை மூடிக்கொண்டான். எதிரே இருந்தவனுக்கும் கண் மூடித்தான் இருந்தது. துண்டு வைத்துப் பழகினபோது இருந்ததுபோலவே இரண்டுபேரும் நெஞ்சோடு நெஞ்சு முட்டிக்கொண்டு, மூச்சைக் கேட்டுக் கேட்டுக் குத்திக்கொண்டார்கள். நடுவில் துண்டு மட்டும் இல்லை. ஷவுகத் அப்போதும் விடவில்லை. குருட்டுத்தனமாக நாகப்பனின் விலாவில் இரண்டு குத்து விட்டான், நல்ல குத்து, மூச்சே நின்றுவிட்டது. அதற்குள் ஷவுகத்துக்கு அந்த வறட்டு இருமல் வந்துவிட்டது. இருமும்போது வயிறு தளர்ந்துவிடும். நாகப்பனுக்கு அது தெரியும், அவனுக்குத்தான் தெரியும். அந்த இடத்தில் குத்தினான்.

மூன்றுக்கு இரண்டு என்று நடுவர்கள் நாகப்பன் பக்கம் சொன்னார்கள். ஜனம் விசில் அடித்தது. துலுக்கானம் அவனை இடுப்பைக் கட்டித் தூக்கினான். இறக்கிய வேகத்தில் நாகப்பனின் தலையைத் துண்டால் அழுத்தித் துடைக்கவும் செய்தான், இப்போது துடைத்தான். நாகப்பன் அந்தத் துண்டைப் பிடுங்கி வீசினான்.

சண்டை முடிந்தால் இரண்டுபேரும் கட்டிக்கொள்வது வழக்கம். ஷவுகத் தடவிக்கொண்டு வந்தான், கண் இரண்டும் கோவைப்பழம். எப்போதும்போல நாகப்பனின் தோளை வளைத்துத் தன் நெஞ்சோடு அணைத்தான். அவன் மூக்கு நாகப்பனின் உச்சியில் பட்டது. சட்டென்று அவன் உடம்பு அசையாமல் நின்றது. இன்னொருமுறை மூச்சை உள்ளே இழுத்தான், நிதானமாக, நிச்சயம் பண்ணிக்கொள்கிறவன்போல. நாகப்பன் காத்திருந்தான். தள்ளப்போகிறான், காறித் துப்பப்போகிறான், நடுவரைக் கூப்பிடப்போகிறான் என்று காத்திருந்தான். துப்பிவிட்டால்கூட நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அணைத்த கை விலகவே இல்லை.

"போயி தலைய கழுவு மச்சான்," என்றான் ஷவுகத், அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி. "கண்ல இன்னும் எறங்கும்."

மண்டபத்துக்குப் பின்னால் ஒரு அடிபம்பு இருந்தது. நாகப்பன் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே அங்கே போனான். பம்பின் வாய்க்கு நேராகத் தலையைக் கொடுத்துக் குனிந்தான். ஒற்றைக் கையால் அடித்தான், ஒரு சொட்டும் வரவில்லை. குனிந்துகொண்டே அடிக்கவும் முடியவில்லை. கண் திறக்க முடியாமல் எரிந்தது. யாரோ பின்னாலிருந்து கைப்பிடியை வாங்கிக்கொண்டார்கள். நாலு அடி காற்றாக அடித்தபின் தண்ணீர் வந்தது, உப்புத் தண்ணீர், துரு வாடையோடு தலையில் கொட்டியது. நாகப்பன் இரண்டு கையாலும் தலையைப் பிறாண்டினான். விளக்கெண்ணெய்யாவது வெறும் தண்ணீருக்குப் போவதாவது. வழவழவென்று விரலில் ஒட்டிக்கொண்டு, அங்கேயிருந்து நெற்றிக்கும் காதுக்கும் வாய்க்கும் பரவியது. வாயில் பட்டதும் ஓங்கரித்தான். காலையிலிருந்து ஒன்றும் தின்னாத வயிறு, வெறும் புளித்த தண்ணீராக வந்து காலடியில் விழுந்தது. அதன்மேலேயே நின்றான்.

பம்பு கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. நடுவில் ஒருமுறை நின்றது. அடித்துக்கொண்டிருந்தவன் இருமினான், வறட்டு இருமல். இருமி முடித்துவிட்டு மறுபடி அடித்தான்.

நாகப்பன் நிமிரப் பார்த்தான். "ஷவுகத்து," என்றான். திறந்த வாயில் தண்ணீரும் எண்ணெயும் வழிந்தன.

உள்ளே ஒலிபெருக்கியில் தொழிற்சாலை விளையாட்டுச் செயலாளர் ஜம்புலிங்கத்தின் குரல் கேட்டது. "ஐம்பத்தேழு கிலோ, நாகப்பன். நாகப்பன் எங்கப்பா? வந்து கையெழுத்துப் போடு." பக்கத்தில் துலுக்கானம், "இதோ வர்றாரு சார், மூஞ்சி கழுவுறாரு," என்று பதில் சொல்வதும் கேட்டது.

ஒரு கை நாகப்பனின் பிடரியில் படிந்தது. நீளமான விரல்கள். அந்தக் கை அவன் தலையைத் தண்ணீருக்கு நேராக மெதுவாக அழுத்தியது.

"இன்னும் வாட போவல மச்சான்," என்றான் ஷவுகத். "குனி."

நாகப்பன் குனிந்தான். ஜம்புலிங்கம் இரண்டாவது முறை பேரைக் கூப்பிட்டார். பம்பு கிறீச்சிட்டது, தண்ணீர் வந்தது, மூன்றாவது முறையும் கூப்பிட்டார்.